பழைய டயரைப் பார்க்காமல் புது டயர் மாட்டாதீர்கள்

போன இதழில், டயரை எப்போது மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தேன். காடிகளுக்குள் இருக்கும் சின்ன மேடு, அதாவது 1.6 மில்லிமீட்டர் அடையாளம், டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் மாற்றிவிட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன: புது டயர் போடும்போது வீல் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்று அளந்து திருத்துவது, பார்க்க வேண்டுமா? பட்டறையில் நாள் முழுக்க நான் பேசுவதும் இதைத்தான். அதனால் இந்த மாதப் பக்கங்கள் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் ஸ்விஃப்ட் காருக்கு நான்கு டயரும் புதிதாகப் போட்டோம். அலைன்மெண்ட் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். கொழுந்தனாரோ, 'டயர் மாற்றினால் அலைன்மெண்ட் எதற்கு மாறப்போகிறது? இது பணம் பிடுங்குகிற வேலை' என்கிறார். யார் சொல்வது சரி?
(வாசகி, நாமக்கல்)

பதில்: கொழுந்தனார் சொல்வதில் ஒரு பாதி முழுக்கச் சரி. சக்கரத்தின் போல்ட்டைக் கழற்றி, ரிம்மில் புது டயரை ஏற்றி, திரும்ப மாட்டுவதால் எந்தக் கோணமும் மாறாது. கோணத்தைத் தீர்மானிப்பவை, சக்கரத்தை ஸ்டீயரிங்கோடும் வண்டியின் உடலோடும் இணைக்கும் டை ராட், லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் போன்ற பாகங்கள். டயர் மாற்றும்போது அவற்றின் மேல் யாரும் ஸ்பேனர் வைப்பதில்லை.

ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது. பழைய டயர் எப்படித் தேய்ந்து கிடந்தது? அதை யாராவது பார்த்தீர்களா? அலைன்மெண்ட் சரியில்லாமல் பழைய டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால், அதே வண்டி புது டயரையும் அதே பக்கமாகத் தின்னும். அலைன்மெண்டுக்கு ஆவது சில நூறு ரூபாய். நான்கு டயரின் விலை உங்களுக்கே தெரியும். புது கார் டயரில் காடியின் ஆழம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இருக்கும். 1.6 வரை போகலாம் என்றால், நாம் காசு கொடுத்து வாங்குவது ஆறு மில்லிமீட்டர் சொச்சம் ரப்பர்தான். அதை ஓரத்தில் மட்டும் கரைத்துவிட்டு, நடுவில் நன்றாக இருக்கும் டயரைத் தூக்கிப் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

டயர் தேய்வதில் முதல் குற்றவாளி 'டோ' என்கிற கோணம். மேலிருந்து பார்த்தால் முன்சக்கரம் இரண்டும் நேர் முன்னே பார்க்கின்றனவா, உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கின்றனவா என்பதுதான் அது. இரண்டு பாதத்தையும் உள்பக்கம் திருப்பி வைத்து நடந்து பாருங்கள், செருப்பின் ஒரு ஓரம்தான் தேயும். கணக்காகவே சொல்கிறேன். ஒரு சக்கரம் இருக்க வேண்டிய நிலையிலிருந்து கால் டிகிரி திரும்பி நின்றால், வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் அந்த டயர் சுமார் 4.4 மீட்டர் தூரத்துக்குப் பக்கவாட்டில் இழுபடுகிறது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அது 44 கிலோமீட்டர். கால் டிகிரியைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

அதனால் பழைய டயரைக் கழற்றியதும் கடைக்காரர் ஓரமாக உருட்டிவிடுவதற்கு முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக வைத்து, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை, உள்ளிருந்து வெளியே ஒரு தடவை தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழவென்று போய், மறு திசையில் கையை உரசினால் டோ சரியில்லை. உள் ஓரம் மட்டும் மொட்டையாக இருந்தால் டோ அல்லது கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் கோணம்). இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவாக வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். அங்கங்கே குழிகுழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் பார்க்க வேண்டும்.

உள் ஓரத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நிற்கிற வண்டியில் அது நம் கண்ணில் படாது. வெளிப்பக்கம் காடி பளிச்சென்று இருக்கும். உள்பக்கம் கம்பி தெரிய ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் பட்டறை சேலம் பைபாஸ் ஓரத்தில் இருக்கிறது. குழந்தைகளோடு கன்னியாகுமரிக்குக் கிளம்பிய குடும்பங்கள் அப்படிப்பட்ட டயரோடு வந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் பதறிப்போகிறேன். மாதம் ஒரு முறை ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்திவிட்டு, குனிந்து உள் ஓரத்தைப் பாருங்கள். இதற்குக் காசு ஒன்றும் ஆகாது.

உங்கள் பழைய டயர்கள் போய்விட்டன என்று நினைக்கிறேன். அப்படியானால் ஒரு தடவை அளந்து பார்த்துவிடுவதுதான் நல்லது. எல்லாம் சரியாக இருந்தால் கொழுந்தனாரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள், அவருக்கும் திருப்தி.

கேள்வி: பேலன்சிங், அலைன்மெண்ட் இரண்டும் ஒன்றா? என் காரில் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது. அலைன்மெண்ட் செய்தும் போகவில்லை.
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: இரண்டும் வேறு வேறு. குறிப்பிட்ட வேகத்தில் நடுக்கம் வந்து, வேகத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ அடங்கினால் அது பேலன்சிங். சக்கரத்தைத் தனியாகக் கழற்றி மெஷினில் சுற்றவிட்டு, எடை குறைந்த இடத்தில் சின்ன வெயிட் ஒட்டுவார்கள் அல்லது அடிப்பார்கள். வண்டி ஒரு பக்கம் போவது, ஸ்டீயரிங் கோணலாக நிற்பது, டயர் ஒரு ஓரமாகத் தேய்வது எல்லாம் அலைன்மெண்ட் கணக்கில் வரும். புது டயர் ஏற்றினால் பேலன்சிங் கண்டிப்பாகச் செய்ய வேண்டும், அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. பேலன்சிங் செய்தும் நடுக்கம் நிற்காவிட்டால் ரிம் நெளிந்திருக்கிறதா என்று மெஷினில் சுற்றும்போதே பக்கத்தில் நின்று பாருங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புது டயர் போட்டு மூன்று முறை அலைன்மெண்ட் செய்தாயிற்று. வண்டி இன்னும் இடது பக்கமே இழுக்கிறது. கேட்டால் 'ரோடு அப்படித்தான் சார்' என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
(வாசகர், விருதுநகர்)

பதில்: ரோடு ஒரு காரணம்தான், பொய் இல்லை. மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சாலையை ஓரம் நோக்கிச் சரிவாகப் போடுவார்கள். ஒரு மீட்டர் அகலத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவில் அந்தச் சரிவு இருக்கும். நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். ஆகவே ஸ்டீயரிங்கை லேசாக விட்டால் வண்டி மெதுவாக இடது பக்கம் ஒதுங்கும். போகும்போதும் அப்படித்தான், வரும்போதும் அப்படித்தான். காலியான சமதள மைதானத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அங்கே நேராகப் போனால் வண்டியில் குறையில்லை.

அங்கேயும் இழுத்தால் இனி 'ரோடு' என்ற பதிலை ஏற்காதீர்கள். மூன்று முறையும் அவர்கள் டோவைத்தான் திருப்பியிருப்பார்கள் என்பது என் ஊகம். டோ தவறினால் டயர் தேயும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். ஆனால் வண்டியை ஒரு பக்கம் இழுப்பது பெரும்பாலும் அதன் வேலை இல்லை. முன்சக்கரங்கள் இரண்டும் தங்களுக்குள் அந்த வித்தியாசத்தைப் பங்கு போட்டுக்கொண்டு நேராகிவிடும். டோவை முப்பது முறை திருப்பினாலும் இழுப்பு போகாது.

முதலில் நான்கு சக்கரத்திலும் காற்றைப் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள அளவுதான் உங்கள் வண்டிக்கு அளவு. டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு, அதைப் பார்த்துக் காற்று பிடிக்கக் கூடாது.

அடுத்து, முன்பக்க இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இடம் மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். இழுப்பு வலது பக்கம் மாறிவிட்டால் குறை டயரில். புது டயரிலேயே இப்படி அமைவது உண்டு. ரப்பருக்கு உள்ளே இருக்கும் கம்பிப் பட்டை (பெல்ட்) சற்று விலகிப் படிந்திருந்தால் டயர் ஒரு பக்கமாகவே உருளப் பார்க்கும். பில்லை எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்குப் போங்கள். இது தயாரிப்புக் குறை, கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. டயரின் பக்கத்தில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தால் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

மாற்றியும் இடதுதான் என்றால், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு ரிம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்க பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கிறது. அதுவும் இல்லையென்றால்தான் கேம்பரும், சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணமான காஸ்டரும். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே இந்த இரண்டு அளவும் நிறைய வேறுபட்டால் வண்டி இழுக்கும். காஸ்டரை அளக்க, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஒடித்துப் பார்க்க வேண்டும். நேரம் ஆகிறது என்று பல இடங்களில் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்கள் தாளில் காஸ்டர் கட்டம் காலியாக இருக்கிறதா, பாருங்கள்.

கேள்வி: வால்பாறையில் டாக்ஸி ஓட்டுகிறேன். வண்டி வேகன்ஆர். முன்டயர் இரண்டிலும் வெளி ஓரம் சீக்கிரம் போய்விடுகிறது. புது டயர் போடும்போது, 'கேம்பர் அவுட், தனியாகக் காசு ஆகும்' என்கிறார்கள். செய்யலாமா?
(வாசகர், வால்பாறை)

பதில்: தம்பி, ஆழியாரிலிருந்து உங்கள் ஊருக்கு 40 கொண்டை ஊசி வளைவு. தினமும் ஏறி இறங்குகிற வண்டிக்கு முன்டயரின் வெளி ஓரம் தேயத்தான் செய்யும். வளைவில் வண்டியின் பாரம் பெரும்பாலும் வெளிப்பக்கச் சக்கரத்தின் தோள் மேல் போய் உட்காருகிறது. இடது, வலது இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் பாதி பழி மலை மேல்தான். மீதிக்கு முதலில் டோவைப் பாருங்கள். சக்கரங்கள் அளவுக்கு மேல் உள்பக்கம் திரும்பி நின்றாலும் இதே வெளி ஓரங்கள்தான் தேயும்.

இனி கேம்பர். நேர் எதிரே நின்று பார்த்தால் சக்கரம் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பதுதான் கேம்பர். இன்னோவா போன்ற வண்டிகளில் லோயர் ஆர்மில் அதைத் திருத்துவதற்கென்றே போல்ட் அமைப்பு இருக்கிறது. உங்கள் வண்டி போன்ற சின்னக் கார்களில், ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) இணைக்கும் இரண்டு போல்ட்டைத் தளர்த்தினால் கிடைக்கும் சொற்ப அசைவுதான் உண்டு. அந்த அளவுக்குத் திருத்துவதில் தவறில்லை.

ஆனால் சில இடங்களில் ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து, பாகத்தை நெம்பி வளைத்து அளவைக் கொண்டுவருகிறார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். ஒருமுறை வளைத்த இரும்பு எந்த வளைவில் எப்போது கைவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மலைப்பாதையில் பின்னால் நான்கு பேரை உட்காரவைத்து ஓட்டுகிறவர் நீங்கள். ஒரு பக்கக் கேம்பர் மட்டும் அளவை விட்டு வெகுதூரம் போயிருந்தால், ஆர்மோ ஸ்ட்ரட்டோ நக்கிளோ எங்கோ அடிபட்டு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். எது என்று கண்டுபிடித்து அந்தப் பாகத்தை மாற்றுவதுதான் வைத்தியம். 'எந்தப் பாகம் வளைந்திருக்கிறது?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

சமவெளிக்காரர்கள் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை டயரை முன்னும் பின்னும் மாற்றினால், நீங்கள் ஐயாயிரத்திலேயே மாற்றுங்கள். காற்றைக் குறைய விடாதீர்கள். தேய்மானம் நான்குக்கும் சமமாகப் பிரியும்.

கேள்வி: இப்போதைக்கு இரண்டு டயர்தான் வாங்க முடியும். முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா? இரண்டுக்கும் அலைன்மெண்ட் வேண்டுமா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: பின்னால் போடுங்கள். 'முன்வீல் இழுவை வண்டி, முன்டயர்தான் சீக்கிரம் தேயும், அதனால் புதுசை முன்னால் போடு' என்று பல கடைகளில் சொல்வார்கள். தேய்மானத்தை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிய ரோட்டில் முன்டயர் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேராகப் போகும்; ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிக்குள் வந்துவிடும். பின்டயர் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும், அதைத் திருப்பிப் பிடிப்பது நம்மில் அநேகருக்கு ஆகாத காரியம். ஆழமான காடி பின்னால் இருப்பதுதான் பாதுகாப்பு. பழையதில் நல்ல இரண்டை முன்னால் போட்டு ஓட்டி, அவை தேய்ந்ததும் அடுத்த இரண்டை வாங்கலாம். முன்னால் போகும் பழைய டயர்கள் 1.6 அடையாளத்தைத் தொடும் நிலையில் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, நான்கையும் மாற்றியாக வேண்டும்.

அலைன்மெண்ட் அவசியம். தேய்ந்து கழிந்த இரண்டும் எப்படித் தேய்ந்தன என்று பார்த்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: காரை விட்டுவிட்டு டீ குடித்து வருவதற்குள் 'முடிந்தது' என்கிறார்கள். உண்மையாகவே செய்தார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(வாசகி, தாம்பரம்)

பதில்: டீயைப் பிறகு குடிக்கலாம். பக்கத்தில் நில்லுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் எதுவும் இல்லை.

வேலை தெரிந்தவர் மெஷினைத் தொடுவதற்கு முன் நான்கு சக்கரத்திலும் காற்று பார்ப்பார். பிறகு வண்டியைத் தூக்கி, முன்சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டுவார், மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட், பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை அது. லோயர் ஆர்ம் புஷ்ஷையும் ஒரு கம்பியால் நெம்பிப் பார்ப்பார். ஆட்டம் இருந்தால் முதலில் அந்தப் பாகத்தை மாற்ற வேண்டும். ஆடுகிற பாகத்தோடு வைக்கிற அளவு, அடுத்த வேகத்தடையிலேயே போய்விடும்.

அடுத்து, முன்சக்கரம் இரண்டும் சுழல்தட்டின் மேல் நிற்க வேண்டும். நான்கு ரிம்மிலும் கிளாம்ப் மாட்டி, வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டுவார்கள். ரிம்மில் இருக்கும் சின்ன நெளிவு அளவைக் கெடுக்காமல் இருக்க அது தேவை. திரையில் உங்கள் வண்டியின் பெயர், மாடல், வருடம் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா என்று நீங்களே படித்துப் பாருங்கள். வேறொரு வண்டியின் அளவுக்கு உங்கள் வண்டியை வைத்து அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, அசையாமல் ஒரு தாங்கியால் பூட்டிவிட்டுத்தான் அடியில் டை ராடைத் திருப்ப வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் வண்டி நேராகப் போகும், ஸ்டீயரிங் மட்டும் கோணலாக நிற்கும்.

கடைசியாக, தாள். செய்வதற்கு முன்பிருந்த அளவு, செய்த பிறகு உள்ள அளவு, கம்பெனி கொடுத்த எல்லை, மூன்றும் அதில் இருக்க வேண்டும். சிவப்பு என்றால் எல்லைக்கு வெளியே, பச்சை என்றால் உள்ளே. முன்பக்க டோவில் இடதும் வலதும் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருந்தால் வேலை சுத்தம். பின்சக்கர எண்களையும் பாருங்கள். பெரும்பாலான சின்னக் கார்களில் பின்பக்கம் திருத்த வழியில்லை. ஆனாலும் அங்கே சிவப்பு வந்தால் பின் அச்சு எங்கோ அடி வாங்கியிருக்கிறது, விட்டுவிடக் கூடாது. 'பிரிண்டர் ரிப்பேர்' என்று சொன்னால் திரையை உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அலைன்மெண்ட் முடித்து வெளியே வந்ததும் டாஷ்போர்டில் வழுக்கும் கார் படம் போட்ட விளக்கு எரிகிறது. பயப்பட வேண்டுமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: அதே கடைக்கு உடனே திரும்புங்கள். வண்டி வழுக்காமல் தானாகக் கட்டுப்படுத்தும் இஎஸ்பி வசதி உள்ள வண்டிகளில் ஸ்டீயரிங் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்லும் சென்சார் ஒன்று உண்டு. அலைன்மெண்டுக்குப் பிறகு அதற்கு 'இதுதான் நேர்' என்று ஸ்கேனர் வைத்துப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். ஸ்கேனர் இல்லாத கடை என்றால் கம்பெனி சர்வீஸுக்குப் போங்கள். உங்கள் காரில் சாலைக் கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கும் கேமரா வசதியும் இருந்தால் அதையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். விளக்கு எரியும்போது அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாமல் போகலாம், மழையில் நிதானமாகப் போங்கள்.

கேள்வி: ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை அலைன்மெண்ட் என்கிறார்களே, அவ்வளவு தேவையா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: நல்ல ரோட்டில் ஓடும் சொந்தக் காருக்கு பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது வருடம் ஒன்று, எது முதலில் வருகிறதோ அப்போது போதும். பள்ளத்தில் பலமாக விழுந்தாலோ, பிளாட்பாரக் கல்லில் சக்கரம் மோதினாலோ, டை ராட், லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் எதையாவது மாற்றினாலோ கிலோமீட்டரை எண்ணாமல் உடனே பார்த்துவிடுங்கள். அளந்து பார்த்ததில் எல்லாம் எல்லைக்குள் இருந்தால், 'திருப்ப வேண்டாம், அப்படியே விடுங்கள்' என்று தாராளமாகச் சொல்லலாம். தாளில் அன்றைய கிலோமீட்டரைப் பேனாவால் எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள், அடுத்த தடவை அந்த எண்களோடு ஒப்பிட்டால் எது நகர்ந்திருக்கிறது என்று மெக்கானிக்குக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.